மேல பன்னெண்டு, கீழ பன்னெண்டு

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்பக் கழட்ட வேண்டாம். இது கடைதான், வீடு பின்னால இருக்கு. அந்த ஸ்டூல்ல உக்காருங்க. வயர்லெஸ் செட்ட இங்கன மேசையில வைங்க. போன மட்டும் கொஞ்சம் தள்ளி வச்சுக்கிடுங்க. இந்தா இருக்கு பாருங்க கவுண்டர், அலைவரிசைய எண்ணிக் காட்டுற மிஷின், இது பக்கத்துல போன் இருந்தா நம்பர் ஆடும். ஆங், அங்கன இருக்கட்டும்.

யாரு அனுப்புனான்னு நான் கேக்க மாட்டேன். எங்கிட்ட வாரவங்க எல்லாம் ஊருக்குத் தெரியாமத்தான் வாரது. தெக்க இருந்து வாரேன்னு போன்ல சொன்னீங்க, அது போதும். செட்டுல போட் நம்பர் ஒட்டிருந்த எடத்தையும் சுரண்டி வச்சிருக்கீங்க. நல்லது. இந்தக் கடற்கரைக்காரன் எவனும் இப்பம் என் படி ஏறுறதில்ல. எட்டு மாசமாச்சு. முன்னால மீன்புடித் தடைக்காலம் வந்துட்டா இந்த மேசையில டீ கிளாஸ் வைக்க எடம் இருக்காது, அவ்வளவு செட் கெடக்கும். இப்பம் பாருங்க, நீங்க கொண்டாந்தது ஒண்ணுதான்.

நான் ஒரு தப்பும் செய்யல தம்பி. என் மச்சினன் ஒருத்தன், அமலன்னு பேரு. அவனாலதான் எனக்குத் தொழில் போச்சு. சொல்லுதேன், இருங்க.

நாலு ஸ்க்ரூல ஒண்ணு மண்டை தேஞ்சு போயிருக்கு. பரவால்ல, எண்ணெய் விட்டு வைப்போம். ஊறட்டும். அதுக்குள்ள நான் என்ன செய்யப் போறேன்னு உங்களுக்குச் சொல்லிருதேன்.

உள்ள ஒரு தகர டப்பி இருக்கும், சுண்டுவெரல் நகம் அளவுக்கு. அதுக்குள்ள ஒரு சில்லுக் கல்லு. கிறிஸ்டல்னு சொல்லுவாங்க. கரண்டு குடுத்தா அது நடுங்கும். செகண்டுக்கு ஒரு கோடி தடவ, ஒரே சீரா. அந்த நடுக்கத்த வச்சுத்தான் செட்டு தன் அலைவரிசையில நிக்கும். கல்ல நம்ம ஒண்ணும் செய்ய முடியாது. ஆனா அது காலு பக்கத்துல ஒரு சின்ன கெப்பாசிட்டர் சேத்தா கொஞ்சம் அசந்து நடுங்கும். நடுவுல ஒரு காயில் போட்டா இன்னும் அசரும். இருக்குற கெப்பாசிட்டரக் கொறச்சா முறுக்கா நடுங்கும். தலையில சொமை ஏத்துனா நடை மாறுதில்லியா, அந்த மாதிரி. கல்லு மட்டத்துல அது ஒண்ணுமே இல்லாத வித்தியாசம். வெளிய வானத்துக்குப் போனா மேலயோ கீழயோ பன்னெண்டு கிலோஹெர்ட்ஸ் தள்ளி நிக்கும். பக்கத்துப் போட்டுக்காரனுக்கு ஒரு வார்த்த கேக்காது. ஒரே அளவுக்குத் தள்ளுன ரெண்டு செட்டுதான் ஒண்ணோட ஒண்ணு பேசும்.

கெப்பாசிட்டரத் திருகுறதுக்கு பிளாஸ்டிக் ஸ்க்ரூடிரைவர்தான். இரும்பக் கொண்டு போனா தொடுறதுக்கு முன்னாலயே நம்பர் நகரும். சரியான எடத்துல நிறுத்துனதும் மேல ஒரு சொட்டு நெயில் பாலிஷ், ஆடாம இருக்க. மத்தவன்லாம் மெழுகு வைப்பான். மெழுகு இஞ்சின் சூட்டுக்கு எளகிரும். நான் மெற்றில்டாவோட பாலிஷ்தான் வைப்பேன். மெற்றில்டா என் வீட்டுக்காரி. கருஞ்செவப்பு, அவளுக்குப் புடிச்ச நெறம். இப்பம் அவ போட்டுக்கிடுறதில்ல.

இத மொதல்ல கேட்டு வந்தது ரொசாரி கோமஸ். ரெண்டு போட் மொதலாளி. போன தடைக்காலத்துல ரெண்டு செட்டையும் சாக்குல கட்டிக்கிட்டு வந்து நின்னாரு. அவரு டிரைவர் இன்னாசி மீன் மோப்பம் புடிக்கிற ஆளு. எந்தப் பாருல மீன் அடையும்னு அவனுக்குத் தெரியும். பாருன்னா கடலுக்குள்ள இருக்குற கல்லுத்தரை, உங்களுக்குத் தெரியாததா. கண்டுபுடிச்சத ரெண்டாவது போட்டுக்குச் சொல்லணுமில்ல. செட்டுல சொன்னா ஊரே கேக்கும். ரகசியமாப் பேசிப் பாத்திருக்காங்க. பிரியாணின்னா சீலா மீனு, கஞ்சின்னா ஒண்ணும் இல்ல, வடக்கன்னா தெக்க. ரெண்டே நாள்ல எல்லாப் பயலும் புரிஞ்சுக்கிட்டான். ஒருநா இன்னாசி பிரியாணின்னு சொல்லி வாய மூடல, பதினோரு போட் வந்து சுத்தி நின்னுச்சாம்.

"என் ஆளு பேசுறது என் ஆளுக்கு மட்டும் கேக்கணும். ஊருக்குக் கேக்கக் கூடாது. முடியுமாவே?"ன்னு கேட்டாரு.

முடியும்னேன். ரெண்டு நாள்ல முடிச்சுக் குடுத்தேன். ரெண்டு செட்டையும் மேல பன்னெண்டுல நிறுத்துனேன். இருபது நிமிசம் சூடாக விட்டுப் பாத்தேன், ஒரு இம்மி நகரல. சென்னையில கம்பெனியில எட்டு வருசம் இந்த வேலைதான் பாத்தேன் தம்பி. இந்தக் கரையில இதத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்.

ஒண்ணு சொல்லணும். இந்த மாதிரிச் செட்டுல அம்பது சேனல் இருந்தாலும் கல்லு ஒண்ணுதான். கல்லத் தள்ளுனா அம்பதும் சேந்து தள்ளிப் போகும். பதினாறும் போகும். ஆபத்துன்னா கூப்புடுற சேனல் பதினாறு. அது மட்டும் எல்லார் செட்டுலயும், கரையில காவலுக்குக் கேக்கவங்க செட்டுலயும், ஒரே எடத்துல இருக்கணும். கோமஸ் அதக் கேக்கல. நானும் சொல்லல. கேட்டிருந்தா சொல்லிருப்பேன். வந்தவருக்கு ஒரு வேல ஆகணும், அதச் செஞ்சு குடுத்தாச்சு. பள்ளிக்கூடம் மாதிரி உக்கார வச்சுப் பாடம் நடத்தவா முடியும்?

அப்பறம் ஒவ்வொருத்தரா வந்தாங்க. எல்லாரும் பின்வாசல் வழி. எல்லாரும் ஒரே பேச்சு, நான் வந்தது வெளிய தெரியக் கூடாது. ஒருத்தருக்கு மேல, ஒருத்தருக்குக் கீழ, ஒருத்தருக்கு இன்னும் கீழ. ஆளுக்கு ஒரு சந்து. ஒரு மொதலாளி சந்துல இன்னொரு மொதலாளி வரமாட்டான். ஏழு மொதலாளி, பதினெட்டு போட். எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி வச்சேன். ஒவ்வொருத்தனும் தான் மட்டுந்தான் செஞ்சிருக்கோம்னு நெனச்சுக்கிட்டு இருந்தான். எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு.

தடைக்காலம் முடிஞ்சு போட்டெல்லாம் எறங்குச்சு. இந்தக் கடையில ஒரு செட் எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கும், அந்தா மேல தட்டுல இருக்கு பாருங்க. முன்னால அதத் தொறந்தா ஏலக்கூடம் மாதிரி எரைச்சல். ஒருத்தன் பாடுவான், ஒருத்தன் வைவான், ஒருத்தன் மக கல்யாணத்துக்கு அங்க இருந்தே ஊரக் கூப்புடுவான். அந்த சீசன்ல ஒண்ணுமில்ல. காத்து மட்டும் சீன்னு கேக்கும். மெற்றில்டா கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தவ தலையத் தூக்கிப் பாத்தா. "என்னங்க, கடல்ல ஆளே இல்லாத மாதிரி இருக்கு"ன்னு சொன்னா. அபசகுனமாப் பேசாதன்னு சத்தம் போட்டேன்.

ஆளு இல்லாமலா? எல்லாரும் இருந்தாங்க. கேக்கத் தெரியணும். நான் இந்தச் செட்ட மட்டும் கல்லு பக்கத்துல பெரிய டிரிம்மர், அதான் திருகுற கெப்பாசிட்டர், வச்சு, வெளிய ஒரு குமிழ் போட்டுக்கிட்டேன். திருப்பத் திருப்ப ஒவ்வொரு சந்தாத் தொறக்கும். மேல கோமஸ் ஆளு. கொஞ்சம் திருப்புனா இன்னொருத்தன். ஊரு முழுக்க வாயத் தொறந்து பேசுது, எல்லாத்தையும் கேக்கவன் நான் ஒருத்தன். ஒரு வார்த்த வெளிய விட்டதில்ல தம்பி, சத்தியமா. அமலனுக்கு மட்டும் சொல்லுவேன். வீட்டு ஆளு இல்லியா.

அமலன் மெற்றில்டாவோட தம்பி. அவங்க அப்பா விட்டுட்டுப் போன ஒத்தப் போட் வச்சிருந்தான். நல்ல பய, ஆனா மீனுக்கும் அவனுக்கும் ஆகாது. அவன் செட்ட நானே ஒருநா சர்வீஸ் பண்ணித் தாரேன்னு வாங்கி, கீழ பன்னெண்டுக்குத் தள்ளிக் குடுத்தேன். அவங்கிட்ட சொல்லல. சொன்னா நாலு பேர்ட்ட உளறிருவான். கீழ பன்னெண்டுல அவனும் நானும் மட்டுந்தான். இன்னாசி எங்க நிக்கான்னு மேல கேட்டு, அமலனுக்குக் கீழ சொல்லுவேன். அமலனுக்கு அந்த சீசன் நல்லா அடிச்சுச்சு. ஒருநா கேட்டான், "அத்தான், செட்டுல ஒரு பய பேச மாட்டேங்கானே, ஏன்?"னு. எல்லாவனும் மீனு பின்னால போறான், பேச நேரமில்லன்னு சொல்லிச் சிரிச்சேன்.

ஊர்ல மொணமொணக்க ஆரம்பிச்சுட்டாங்க. இன்னாசி வலை விடுற எடத்துக்கு அமலன் எப்படி வாரான்னு. கோமஸ் இங்க வந்து, எவனோ ஒட்டுக் கேக்கான், கண்டுபுடிச்சேன்னா கைய ஒடிச்சிருவேன்னு சொல்லிட்டுப் போனாரு. சொல்லும்போது என் கையப் பாத்துதான் சொன்னாரு. அத மனசுல வச்சுக்கிடுங்க.

ஆடி மாசம். அன்னைக்கு வெள்ளிக்கெழம. மதியத்துக்கு மேல மேக்க இருந்து கச்சான் காத்து திடீர்னு எறங்குச்சு. ஆடியில அது வழக்கந்தான், ஆனா அன்னைக்கு அது ஊளையிட்டுக்கிட்டு வந்துச்சு. நான் சோறு தின்னுட்டு வந்து குமிழத் திருப்புனேன். மூணு பத்து. மேல பன்னெண்டுல இன்னாசி குரல்.

"ஸ்டெல்லா போட் பேசுறேன். பதினாறுல கூப்புடுறேன். அடியில தண்ணி ஏறுது, பம்பு நின்னு போச்சு. நடுப்பாருக்குக் கெழக்க நிக்கோம். யாருக்காவது கேக்குதா?"

கோமஸோட இன்னொரு போட் அன்னைக்கு இஞ்சின் வேலைக்குக் கரையில கெடந்துச்சு. அதோட செட்டும் அணைஞ்சு கெடந்துச்சு. அப்பம் இன்னாசி பேசுறது உலகத்துல எனக்கு மட்டுந்தான் கேக்கு. குமிழக் கீழ திருப்புனேன். அமலன் என்னக் கூப்புட்டுக்கிட்டு இருக்கான். "அத்தான், நடுப்பாருக்குக் கெழக்க வலைய இழுத்துக்கிட்டு நிக்கேன். காத்து கூடுது. கெளம்பவா?"ன்னு கேக்கான்.

நான்தானே காலையில அவன அங்க போகச் சொன்னேன். இன்னாசி அங்க போறான்னு கேட்டுச் சொன்னேன். ரெண்டு பேருக்கும் நடுவுல ரெண்டு மைல் இருக்குமா? அலை எறங்குனா ஒருத்தன் போட்ட ஒருத்தன் பாக்கலாம்.

யோசிச்சுப் பாருங்க தம்பி. இன்னாசி முழுகுறான், போய்ப் பாருன்னு அமலன்கிட்ட நான் சொன்னா, நாளைக்கு ஊரு என்ன கேக்கும்? உனக்கு எப்படித் தெரியும்னு கேக்கும். பதினெட்டு போட்டுக்காரனும் இந்த வாசல்ல வந்து நிப்பான். கோமஸ் என் கையப் பாத்தாருன்னு சொன்னேனே. நான் அமலன்ட்ட, சரி மாப்ள, சூதானமா வந்துருன்னு சொன்னேன். அவன் வலைய ஏத்திக்கிட்டு மேக்க திருப்பிட்டான்.

சும்மா இருந்தேன்னு நெனைக்காதீங்க. கோமஸுக்குப் போன் போட்டேன். காத்து ஒரு மாதிரி இருக்கே, ஸ்டெல்லா வந்துருச்சான்னு கேட்டேன். அவரு மதியத் தூக்கத்துல இருந்து எந்திரிச்சு, இன்னாசிக்குக் கடல் தெரியாதாவேன்னு சொல்லிட்டு வச்சுட்டாரு. நான் கேட்டேன்ல. கேக்கலன்னு எவன் சொல்லுவான்?

மறுபடி மேல வந்தேன். கூப்புட்டுக்கிட்டேதான் இருந்தான். மூணு அம்பத்தஞ்சுக்கு அவன் அலைவரிசை நகர ஆரம்பிச்சுச்சு. நான் தள்ளுன எடம் இல்ல அது, என் வேல நகராது. பேட்டரி எறங்குது, அதான். பன்னெண்டுல இருந்து பதினொண்ணரைக்கு வந்துச்சு. குமிழ அவன் கூடவே மெல்ல மெல்லத் திருப்பிக்கிட்டே போனேன், ஒரு வார்த்த விடாம. நோட்டுல எழுதுனேன். அது எனக்குப் பழக்கம். நாலு அஞ்சுக்குப் பதினொண்ணு. நாலு பன்னெண்டுக்குப் பத்தரை. அப்பறம் அவன் ஸ்டெல்லான்னு சொல்றத விட்டுட்டான். கேக்குதா, கேக்குதான்னு மட்டும். நாலு பதினாறுக்கு நின்னுருச்சு. நானும் செட்ட அமத்திட்டு நோட்ட மூடி வச்சேன்.

போட்டுல ஏழு பேரு. ரெண்டு பேரு தெர்மாகோல் பெட்டியக் கட்டிப் புடிச்சுக்கிட்டு மறுநா கரை வந்தாங்க. இன்னாசி வரல. அந்த ரெண்டு பேரும் ஒரே சொல்லாச் சொன்னாங்க. ஒரு மணி நேரமாப் பதினாறுல கூப்புட்டோம், அமலன் போட் கண்ணுக்குத் தெரிஞ்சுச்சு, திரும்பிப் போயிட்டான்னு.

கோயில் முன்னால ஊர்க்கூட்டம். அமலன் மாதா சிலை மேல கை வச்சு, எனக்கு ஒண்ணும் கேக்கல, கேட்டிருந்தா போயிருக்க மாட்டனான்னு அழுதான். எவனும் நம்பல. அவன் மீன் மோப்பத்துக்கு இன்னாசி பின்னால போனவன்தானே, அஞ்சு பேரு சாகட்டும்னு விட்டுட்டான்னு சொல்லிட்டாங்க. அப்பம் அவன் என்னக் கை காட்டுனான். "அத்தான்கிட்ட கேளுங்க. என் செட்டு பழுதான்னு அவரு பாத்துச் சொல்லட்டும்"னான்.

ஊர்க் கமிட்டியில என்னக் கூப்புட்டுக் கேட்டாங்க, அமலன் செட்டு பழுதான்னு. பழுது இல்ல, நல்லா வேல செய்யுதுன்னு சொன்னேன்.

பொய்யா அது? நீங்களே சொல்லுங்க. செட்டுல ஒரு பழுதும் இல்ல. அவங்க கேட்டதுக்கு நான் பதில் சொன்னேன். அவ்வளவுதான்.

அதுக்கப்பறம் அமலன் போட்டுல ஏற ஒரு கூலிக்காரன் கெடையாது. போட் கரையேறிக் கெடக்கு. இன்னாசி பொண்டாட்டி ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் அமலன் வீட்டு எதுக்க வந்து நிப்பா. ஏச மாட்டா, ஒண்ணும் செய்ய மாட்டா. நின்னுட்டுப் போவா. அமலனோட அத்தான்னு ஊரு என்னையும் ஒதுக்கி வச்சுருச்சு. அவனால நான் படுறேன். நல்லது செய்யப் போய் எனக்கு இந்த நெலமை.

பதினெட்டுல ஸ்டெல்லா போச்சு. மிச்சம் பதினேழு போட்டும் அப்படியேதான் கடலுக்குப் போகுது. ஆமா, நான் தள்ளி வச்ச எடத்துலயேதான். இன்னைக்கும் போயிருக்கு. திருப்பி வைன்னு எவனும் கேக்கலியே. நானாப் போய்ச் சொன்னா, எதுக்குன்னு கேப்பான். வாய மூடிக்கிட்டு இருக்கதுதான் மரியாத.

மெற்றில்டாவா? அவ எங்கூடப் பேசுறதில்ல. கல்லறைத் திருநாளுக்கு முந்துன நாள் கடையத் தூத்தும்போது அந்த நோட்டப் பாத்துட்டா. "வெள்ளிக்கெழம மூணு பத்துன்னு என்ன எழுதிருக்கீங்க?"ன்னு கேட்டா. வேலக் கணக்குன்னேன். நாலு பதினாறு வரைக்கும் ஒவ்வொரு நம்பரா வெரல வச்சுப் பாத்தா. அன்னைக்குப் பேச்ச விட்டவதான். சோறு வைப்பா, டீ வைப்பா, வாய் தொறக்க மாட்டா. போன வாரம் மட்டும், என் தம்பி போட்டக் கழுவி விட்டுட்டு வாரேன்னு என் முகத்தப் பாக்காமச் சொல்லிட்டுப் போனா. எட்டு மாசமாக் கரையில கெடக்க போட்ட எதுக்குக் கழுவணும்? நான் கேக்கல.

இன்னொண்ணு சொல்லுதேன், உங்ககிட்டதான் சொல்லுதேன். அமலன் சாயங்காலமானா அந்தப் போட்டுல ஏறி உக்காந்துக்குவான். கீழ பன்னெண்டுல திருப்புனா அவன் குரல் வரும். "யாருக்காவது கேக்குதா?"ன்னு. தெனமும். தன் செட்டு சரியான்னு சோதிக்கானா, இல்ல இன்னாசியக் கூப்புடுதானா, தெரியல. நான் பதில் சொல்றதில்ல. சொல்லி என்னத்துக்கு? போன வாரத்துல இருந்து அதுவும் வாரதில்ல. எங்கயாச்சும் போயிருப்பான்.

சரி, ஸ்க்ரூ ஊறிருச்சு. வந்துருச்சு பாருங்க. உங்களுக்கு எவ்வளவு தள்ளணும்? மேலயா கீழயா? மூடியத் தூக்குதேன், கொஞ்சம் அந்த லைட்ட இங்கிட்டுத் திருப்புங்க.

இது என்னது.

இந்தச் சொட்டு. இந்த நெறம்.

இருங்க, கவுண்டர்ல போட்டுப் பாப்போம். வேற எவனாவது வச்சிருக்கலாம். நெயில் பாலிஷ் எந்தக் கடையிலயும் கெடைக்கும். நிக்கட்டும், நம்பர் நிக்கட்டும். கீழ பன்னெண்டு. ஒரு இம்மி நகரல. அமலன் போட்டுல எட்டு மாசம் உப்புக்காத்துல கெடந்தும் நகரல, பாத்தீங்களா.

தம்பி, இந்தச் செட்டு உங்ககிட்ட யாரு குடுத்தா? நீங்க தெக்கத்தி ஆளுதானா? சொல்லுங்க. போன ஏன் கவுத்தி வச்சிருக்கீங்க, எதுவும் பதியுதா? கையக் கட்டிக்கிட்டு இப்படிப் பாத்துக்கிட்டே இருந்தா எப்படி?

மெற்றில்டா. ஏ மெற்றில்டா, இங்க வா.

உள்ளதான் இருக்கா தம்பி. வளையல் சத்தம் கேக்கு. கதவுக்கு அந்தப் பக்கந்தான் நிக்கா.

மெற்றில்டா, நான் கூப்புடுறது கேக்குதா? கேக்குதா?